நாயோடு போய்த் தங்கும்போது

(மணவாள நகரில் குடியிருப்போர் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நான் தலைப்பைச் சொன்னதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் தயங்கினார்கள். "நாய்க்கடி பற்றிப் பேசுங்கள், தெருநாய் பற்றிப் பேசுங்கள். நாயை அழைத்துக்கொண்டு லாட்ஜில் தங்குவது பற்றி நம் மணவாள நகரில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். நிறைய இருக்கிறது. அதுவும் இந்த ஊரில் பேசுவதற்குத்தான் நிறைய இருக்கிறது.

விடியற்காலையில் திருவள்ளூர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் சாப்பாட்டுப் பையோடு ஏறும் பெண்களில் ஒரு பகுதியினர் பெரியமேட்டிலும் எழும்பூரிலும் அதற்கு அப்பாலும் உள்ள தங்கும் விடுதிகளில் அறை துடைக்கப் போகிறவர்கள். அவர்கள் நம் தெருக்காரர்கள். அதே நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. மேல்நல்லாத்தூர் கேட்டர்பில்லர் ஆலையிலும், ஒரகடம் வரை நீளும் மற்ற ஆலைகளிலும் வேலை பார்க்கும் குடும்பங்களும் நம் தெருக்காரர்கள்தான். பொதுமுடக்கக் காலத்துக்குப் பிறகு இந்த வீடுகள் பலவற்றில் லேப்ரடார் வந்துவிட்டது, பக் வந்துவிட்டது, ஷிட்சு வந்துவிட்டது. கார் இருக்கிறது. கோடை விடுமுறை வந்தால் ஏற்காடு, கொடைக்கானல், மாமல்லபுரம் என்று கிளம்புகிறார்கள். நாயை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியாமல் கூடவே அழைத்துப் போகிறார்கள்.

ஆக, ஒரு வீட்டு நாய் படுத்து எழுந்த அறையை, அதே தெருவின் இன்னொரு வீட்டுப் பெண் துடைக்கும் காலத்துக்கு வந்துவிட்டோம். நாயோடு தங்கும் நாகரிகம் என்று நான் இன்று பேசப்போவதெல்லாம், அறையைத் துடைக்கும் அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பது பற்றித்தான். விடுதி முதலாளிக்குப் பணம் கொடுத்துவிடுகிறோம். அவரோடு நம் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். துடைப்பவரோடு தீராது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாயை அனுமதித்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் எந்த விடுதியையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நம் வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள சத்திரங்களையும் விடுதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு முதல் நாளே ஊர் ஊராக வந்து தங்கி, ஹிருத்தாபநாசினி குளத்தில் முழுகி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துப் போகிறவர்களுக்கான இடம் அது. அங்கே நாயோடு போய் நின்று இடம் கேட்பது முறையாகாது. மறுப்பவரைக் கோபிப்பதிலும் நியாயம் இல்லை. நாய்க்கு இடம் தரும் விடுதிகள் தமிழ்நாட்டில் பெருகியது அண்மைக் காலத்தில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மலை ஊர்களிலும் சில முதலாளிகள் மனமுவந்து திறந்துவிட்ட கதவு இது. ஒரு குடும்பம் செய்யும் அசிங்கத்தால் அது அடுத்த பத்துக் குடும்பங்களுக்கு மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்ட இடங்கள் சிலவற்றை எனக்கே தெரியும்.

அதனால் முதல் வேலை, கேட்பது. நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மகாபாரதத்தின் கடைசியில் தருமபுத்திரர் இமயத்தில் ஏறிப் போகிறார். தம்பிமார்களும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்துவிட, கடைசி வரை கூட வந்தது ஒரு நாய்தான். இந்திரன் தேரோடு வந்து, நாய்க்கு இடமில்லை, நீ மட்டும் ஏறு என்கிறான். நாயில்லாத சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்று தருமர் நின்றுவிடுகிறார். இந்தக் கதையைச் சொல்லும்போது நாய்ப்பாசத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். தருமர் அந்த நாயைத் தோள்பையில் ஒளித்துத் தேரில் ஏறவில்லை. தேர்க்காரனுக்குக் கொஞ்சம் காசு கொடுத்துக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்லவும் இல்லை. நாயைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வெளிப்படையாகக் கேட்டார். இல்லை என்றால் திரும்பிப் போகவும் தயாராக இருந்தார். எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது இந்த வெளிப்படைதான்.

நாம் என்ன செய்கிறோம்? இணையத்தில் அறை பதிவு செய்யும்போது நாய் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரவு பத்து மணிக்குப் போய் இறங்கி, 'சின்ன நாய்தானே, ஒன்றும் பண்ணாது' என்று வரவேற்பு மேசையில் வாதாடுகிறோம். குழந்தைகள் களைத்துத் தூங்கி வழியும் நேரத்தில் அந்த இளைஞன் எப்படி மறுப்பான்? அவன் ஒப்புக்கொண்டது சம்மதத்தால் அல்ல, சங்கடத்தால். மறுநாள் மேலாளரிடம் திட்டு வாங்குவதும் அவன்தான். சிலர் துணிப்பையில் போட்டு ஒளித்தே கொண்டுபோய்விடுகிறார்கள். ஒளித்துக் கொண்டுபோன நாயை நடக்கவிட முடியாது, வெளியே அழைத்துப்போக முடியாது. அது அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்யும்.

பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். என்ன இனம், என்ன வயது, எத்தனை கிலோ, கருத்தடை செய்ததா, தனியாக விட்டால் குரைக்குமா, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். "நாய்க்கு அனுமதி உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் விடுதியிலும் பெரிய நாய்க்கு இடமிருக்காது, அல்லது தரைத்தளத்தில் இரண்டு அறைகள் மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். தனிக் கட்டணம் உண்டா, சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடுவார்களா, நீச்சல்குளப் பக்கம் போகலாமா என்றும் கேளுங்கள். கேட்டதற்குக் கிடைத்த பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. மறுத்தால் "சரிங்க, நன்றி" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

ரயில்வேக்காரர்கள் இந்த நாகரிகத்தை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு நம் திருவள்ளூர் வழியாகத்தான் ஓடியது. அதனால் ரயில்வேயின் உதாரணத்தை இந்த ஊரில் சொல்வது எனக்கு மகிழ்ச்சி. முதல் வகுப்பில் நாயை அழைத்துப் போகலாம், ஆனால் உடன் பயணம் செய்பவர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது பழைய விதி. பாதி வழியில் அவர்கள் ஆட்சேபித்தால் நாயைக் கார்டு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள், கட்டிய பணம் திரும்பாது. இன்று குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு பேருக்கான கூபேயையோ நான்கு பேருக்கான அறையையோ முழுவதுமாக எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் பிரேக் வேனில் உள்ள கூண்டு. மற்ற வகுப்புகளில் இடமே கிடையாது. கடுமையாகத் தோன்றும். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் சம்மதத்தை விதியின் நடுவில் வைத்த அந்தச் சிந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. விடுதியில் நம் பக்கத்து அறைக்காரரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதனால் அவருக்காகவும் நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அறைக்குள் வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நாம் காலி செய்யும் நேரத்துக்கும் அடுத்தவர் வரும் நேரத்துக்கும் நடுவில் இருப்பது சில மணி நேரம். அதற்குள் அந்தப் பெண்மணி நம் அறையை மட்டுமல்ல, அந்தத் தளத்தில் காலியான எல்லா அறைகளையும் முடிக்க வேண்டும். அப்போது அவர் எதிரே இருப்பது என்ன? மெத்தை விரிப்பில் நாய் முடி. திரைச்சீலையில் முடி. சோபா இடுக்கில் முடி. லேப்ரடார் வளர்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் சாம்பாரிலேயே பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிவதை அவர் எப்படியும் எடுத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாதது நாயின் தோலிலிருந்து உதிரும் செதிலும் உலர்ந்த எச்சிலும். ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் அவற்றில்தான் இருக்கிறது. விரிப்பிலும் தரைக்கம்பளத்திலும் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தங்கும். அடுத்து வந்து படுக்கும் ஆஸ்துமா குழந்தைக்கு இரவில் ஏன் மூச்சு இளைக்கிறது என்று அதன் தாய்க்குத் தெரியப்போவதில்லை. ஆகவே வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வை, நாயின் பாய், தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுத் தட்டு, நாயைத் துடைக்க இரண்டு பழைய துண்டு, இவை போகும் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். விடுதித் தட்டில் நாய்க்குச் சோறு வைக்காதீர்கள். விடுதித் துண்டால் நாயைத் துடைக்காதீர்கள். அவர்கள் குளியலறையில் குளிப்பாட்டாதீர்கள். வடிகாலில் முடி அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுப்பவர் யார்?

நாயை மெத்தையில் படுக்க விடலாமா என்று கேட்பார்கள். வீட்டில் உங்கள் விருப்பம். விடுதியில் கூடாது. கட்டிலில் படுத்துப் பழகிய நாய் அழும் என்றால், உங்கள் போர்வையை மெத்தை முழுக்க விரித்துவிட்டு அதன் மேல் விடுங்கள், அதுவும் விடுதிக்காரர்கள் சரி என்று சொன்னால்.

அடுத்து உண்ணி. இது என் தொழில், இதைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன், இன்று சுருக்கிக்கொள்கிறேன். நம் வெயில் நாட்டில் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு நிற உண்ணி, மற்ற உண்ணிகளைப் போலப் புல்வெளியை நம்பி வாழ்வதில்லை. வீட்டுக்குள்ளேயே, சுவர் விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் தன் வாழ்க்கை முழுவதையும் நடத்திவிடும். இரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, ஓர் இடுக்கில் ஒதுங்கி, சில ஆயிரம் முட்டைகள் இடும். பொரிந்து வந்தவை பசியோடு பல மாதங்கள் காத்திருக்கும். இரண்டு இரவு தங்கிவிட்டு நீங்கள் வந்துவிடுவீர்கள். அந்த அறையில் அடுத்த மாதம் தங்கும் நாய்க்கு உண்ணி பரப்பும் பேபீசியா நோய் வரலாம், இரத்தம் குறைந்து படுத்துவிடும். சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்த விருந்தினர் திட்டுவது அறை துடைப்பவரைத்தான். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டி உண்ணி மருந்து கொடுத்துவிடுங்கள். மருந்து கொடுத்த பிறகும் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் கை விட்டுப் பாருங்கள். உண்ணி இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

சிறுநீர் பற்றியும் சொல்ல வேண்டும். புது இடத்துக்குப் போனதும் ஆண் நாய் காலைத் தூக்குவது அதன் குணம். முன்பு வந்த நாயின் மணம் கட்டில் காலில் இருந்தால் அதன் மேல் தன் மணத்தைப் போடாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. ஆகவே அறைக்குள் நுழைவதற்கு முன் வெளியே நன்றாக நடத்தி, எல்லாம் முடித்து, பிறகு கயிற்றோடு உள்ளே அழைத்து வந்து ஒவ்வொரு மூலையாகக் காட்டுங்கள். ஜப்பானில் நாய்களை ஏற்கும் விடுதிகள் பலவற்றில் அறைக்குள் நாய்க்கு இடுப்புக்கச்சை கட்டச் சொல்கிறார்கள். வாசலிலேயே கால்களைத் துடைத்துவிட வேண்டும், ஓராண்டுக்குள் போட்ட தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும். நம் ஊர்க் கடைகளிலும் அந்தக் கச்சை இப்போது கிடைக்கிறது. அப்படியும் அசம்பாவிதம் நடந்துவிட்டால் முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தண்ணீர் விட்டுத் துடையுங்கள், உடனே வரவேற்பு மேசைக்குச் சொல்லுங்கள். குளியலறையில் இருக்கும் பிளீச்சிங் பவுடரையோ திரவத்தையோ அதன் மேல் கொட்டாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவும் பிளீச்சில் உள்ள குளோரினும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் வாயு வரும். நீங்கள் சொல்லாமல் மறைத்தால் துடைப்பவர் அதைத்தான் கொட்டுவார். ஏனென்றால் அவர் கையில் கொடுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அதுதான். கதவைச் சாத்திய சிறிய குளியலறையில் அதை மூச்சில் இழுக்கப்போவது அவர் நுரையீரல். சொல்லிவிட்டால் அவர் வேறு பொருளைப் பயன்படுத்துவார். மறைப்பதால் நமக்கு மிச்சமாவது ஒரு நிமிட வெட்கம் மட்டுமே.

மழைக்காலத்தில் எலிக் காய்ச்சலையும் நினைவில் வையுங்கள். அதன் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும், துடைப்பவர் கையில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் புகும். நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் பொதுவாக இதற்கும் மருந்து சேர்ந்திருக்கிறது. போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட அவர்களை வாட்டுவது பயம். கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைகிறார், கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்கிறது. நாயைப் பொறுத்தவரை அது அதன் குகை, உள்ளே வருபவர் அந்நியர். அதன் மேல் தவறில்லை. நாயை மட்டும் அறையில் விட்டுவிட்டு நாம் சாப்பிடப் போனதுதான் தவறு. கதவில் "தொந்தரவு செய்யாதீர்" அட்டை மாட்டினால் போதாது. 'உள்ளே நாய் இருக்கிறது' என்று தமிழிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் இன்று நம் விடுதிகளில் வேலை செய்பவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர். அதைவிட நல்லது, எத்தனை மணிக்கு வந்தால் வசதி என்று அந்தப் பணியாளரையே கேட்டு, அந்த நேரத்தில் நாயை வெளியே நடக்க அழைத்துப் போய்விடுவது.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அநேகமாக மரணம்தான், மனிதருக்கு வரும் அந்த நோயில் 99 சதவீதம் நாய் மூலம் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்குவதற்கு முன், தென்னாட்டில் கடிபட்டவர்கள் ஊசிக்கு இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை ரயிலில் போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்தவர்கள் உண்டு. இன்று நம் திருவள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே ஊசி இருக்கிறது. என்றாலும் தினக்கூலி வாங்கும் ஒரு பெண்மணிக்கு நாய்ப் பல் பட்டால், ஊசிக்காக அவர் திரும்பத் திரும்ப விடுப்பு எடுத்தாக வேண்டும். அந்த நாள்களின் கூலியை யாரும் தருவதில்லை. உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையோடு கொண்டுபோய், கேட்காவிட்டாலும் வரவேற்பு மேசையில் காட்டுங்கள். அதன் படத்தை அவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கீழே வேலை செய்பவர்களுக்குச் செய்தி போய்ச் சேரும்.

மற்ற விருந்தினர்கள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்ததுதான். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவில் காவல் வேலை பார்த்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. கயிறு இல்லாமல், வாய்மூடி இல்லாமல் வந்த வளர்ப்பு நாய்கள். அதற்குப் பிறகு நம் மக்கள் பெரிய நாயைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டதையும் பார்த்தோம். இந்தச் சூழலில் நாயோடு ஒரு விடுதிக் கூடத்தில் நிற்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பிரதிநிதியாக நிற்கிறார். வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கயிறு பிடிப்பவர் சட்டம் பார்க்காத இடத்தில் விட்டுவிடுவார். மின்தூக்கியில் வேறொருவர் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். மாடிப்படி இருந்தால் அதில் போங்கள். 'ஒன்றும் பண்ணாது, தடவிப் பார்' என்று பயந்த குழந்தையிடம் சொல்லாதீர்கள். பயப்படுபவரின் பயத்தைத் தீர்த்துவைப்பது நம் வேலை அல்ல, அவருக்கு வழி விடுவதுதான் நம் வேலை.

மதிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இஸ்லாத்தில் ஷாஃபி மரபைப் பின்பற்றும் குடும்பங்கள் நம் கடற்கரை ஊர்களில் நிறைய. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஒரு முறை மண்ணோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. உங்கள் நாய் ஓடிப்போய்ப் பக்கத்து மேசைக்காரரின் சட்டையை நக்கினால், உங்களுக்கு அது கொஞ்சல். அவருக்குத் தொழுகைக்கு முன் உடையைக் கழுவியாக வேண்டிய நிலை. தர்ப்பணம் கொடுக்க மடியாக இருக்கும் நம் ஊர்ப் பெரியவருக்கும் அப்படித்தான். அவர்களுக்கு நாயின் மேல் வெறுப்பு என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாகச் சொல்லும் மரபும் அவர்களுடையதுதான்.

இரவுக் குரைப்பு. தனியாக விட்டால் ஊளையிடும், கதவைப் பிராண்டும் நாய்கள் உண்டு. அது சேட்டை அல்ல, பதற்றம். உங்களைக் காணாமல் தவிக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் குரைத்ததா என்று கேளுங்கள். வீட்டிலேயே குரைக்கும் நாய் புது இடத்தில் இரண்டு மடங்கு குரைக்கும். அப்படிப்பட்ட நாயை அழைத்துப் போவதானால், கணவன் சாப்பிடும்போது மனைவி அறையில் இருக்க வேண்டும், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். குடும்பமாகச் சேர்ந்து சாப்பிட முடியாதே என்றால், நாயோடு போகும் பயணத்தின் விலை அது.

வெளியே அழைத்துப் போகும்போது மலத்தை எடுக்க வேண்டும் என்று இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம். கடற்கரை மணலில் மூடிவிட்டு வராதீர்கள், அங்கே குழந்தைகள் கையால் வீடு கட்டும். நாய்க் குடற்புழுவின் முட்டைகள் மண்ணில் நெடுநாள் இருக்கும், ஈர மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தடை, நீலகிரியில் கெடுபிடி இன்னும் அதிகம். பழைய செய்தித்தாளைக் கிழித்து மடித்து எடுத்துப் போங்கள். எடுத்ததை எங்கே போடுவது என்று தோட்டக்காரரிடம் கேட்டுப் போடுங்கள். அறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தால் அதுவும் அதே பெண்மணியின் கைக்குத்தான் போகிறது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் நாயை வராந்தாவில் கட்டாதீர்கள். 2023 தீபாவளி அன்று குன்னூரில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்து, மீட்க வந்த தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் காயப்பட்டார்கள். காட்டோரத் தங்குமிடங்களில் நாயின் குரைப்பு சிறுத்தைக்கு விடுக்கும் அழைப்பு. நாயால் காட்டுக்கு வரும் கேடு இன்னும் பெரிது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் செத்தது டிஸ்டெம்பர் என்னும் நாய் நோயால். ஊர் நாய்களிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். 2018இல் நம் கிர் காட்டிலும் சிங்கங்களிடம் அதே கிருமியைக் கண்டறிந்தார்கள். சரணாலயத்துக்குள் நாய்க்கு அனுமதியில்லை என்று வனத்துறை சொன்னால் வாதாடாமல் திரும்புங்கள்.

நாய்க்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் வெளியில் இருப்பதைவிட இருபது டிகிரி ஏறிவிடும். சன்னலை ஒரு விரல் இறக்கி விடுவதால் பயனில்லை. நாய்க்கு அனுமதி இல்லாத சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் காரில் பூட்டிவிட்டு "பத்தே நிமிடம்" என்று உள்ளே போய், திரும்பி வந்து பார்த்தவர்கள் என் மேசைக்கு ஓடி வந்திருக்கிறார்கள். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களை என்னால் பல முறை காப்பாற்ற முடிந்ததில்லை. வயதான நாய், கண் மங்கிய நாய், அந்நியரைக் கண்டாலே நடுங்கும் நாய், இவற்றுக்குப் பயணம் தண்டனை. அவற்றைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுப் போங்கள். நம் தெருவிலேயே நாய் வளர்க்கும் வீடுகள் நாலைந்து சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் யாருக்கும் செலவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வருத்தமாக இருக்கும். அந்த நாய்க்கு நிம்மதியாக இருக்கும்.

நல்ல முன்னுதாரணங்களும் நம் நாட்டில் இருக்கின்றன. லெமன் ட்ரீ விடுதிக் குழுமம் தன் விடுதிகளில் தெருநாய்களைத் தத்தெடுத்து வைத்துக்கொள்கிறது. மும்பையில் டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸை 2018இல் புதுப்பித்தபோது, வாசலில் படுத்துக் கிடந்த தெருநாய்களுக்கென்று உள்ளேயே ஓர் அறை கட்டினார்கள். அங்கெல்லாம் நாயைக் குளிப்பாட்டிச் சோறு வைக்கும் பொறுப்பு இன்னார் என்று ஆள் வைத்துச் செய்கிறார்கள். அன்பு அங்கே ஒருவரின் முறையான வேலையாக இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அறை துடைக்கும் பெண்ணின் தலையில் சொல்லாமல் கூட்டப்பட்ட சுமையாக இல்லை.

அதனால் கிளம்பும் நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். பையைக் கட்டிய பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து ஒரு சிறு தூரிகையும் பசை நாடாவும் கொண்டு போயிருந்தால் சோபாவிலும் திரையிலும் உள்ள முடியை எடுத்துவிடலாம். கட்டிலுக்கு அடியில் பாருங்கள், கடித்துப் போட்ட எலும்பு இருக்கும். பிராண்டிய கதவு, கடித்த செருப்பு, கறை பட்ட விரிப்பு எதுவானாலும் நீங்களே போய் மேலாளரிடம் சொல்லி, கேட்ட தொகையைக் கொடுங்கள். சில இடங்களில் அந்தத் தொகையை அறை துடைப்பவரின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன். பிறகு அந்தப் பணியாளரைத் தேடிப் போய், நாய் இருந்த அறை என்று சொல்லி, அவர் கையிலேயே கொஞ்சம் பணம் கொடுங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தால் யார் எடுப்பார்கள் என்று தெரியாது.

கோடை விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் முறையாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டால் அது முழுமையாக வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும். கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து சான்றிதழ் கேட்டால் எந்த மருத்துவராலும் மனசாட்சியோடு எழுதிக் கொடுக்க முடியாது. அட்டை தொலைந்து போனவர்கள், ஊசித் தேதி தாண்டியவர்கள், இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குக் காலை நேரத்தில் நாயை அழைத்து வாருங்கள். கயிற்றில் பிடித்து வாருங்கள், அங்கேயும் வரிசையில் ஆடும் மாடும் கோழியும் வைத்துக்கொண்டு பலர் நிற்பார்கள்.